ஹலூமி, ஹெல்லிம்: ஒரு பாலாடைக்கட்டி வழியாகச் சைப்ரஸ் சமையல்

சூடான வாணலியில் சீஸ் துண்டைப் போட்டால் இளகி, வழிந்து, அடியில் பிடித்துக்கொள்ளும். சைப்ரஸ் தீவின் ஹலூமி அப்படிச் செய்யாது. இருபுறமும் பொன்னிறமாகச் சிவக்கும், ஓரம் மொறுமொறுப்பாகும், வடிவம் மட்டும் குலையாது. கடித்தால் பல்லில் "கிறீச்" என்று ஒரு சத்தம் வரும். உப்பு தூக்கலாக இருக்கும், நடுவில் காய்ந்த புதினா தட்டுப்படும்.

தீவில் கிரேக்கம் பேசுகிறவர்கள் இதை ஹலூமி என்கிறார்கள், துருக்கி மொழி பேசுகிறவர்கள் ஹெல்லிம் என்கிறார்கள். பெயர் இரண்டானாலும் பொருள் ஒன்றே. காலையில் சுட்ட ரொட்டியோடும் ஆலிவ் காயோடும், கோடையில் குளிர்ந்த தர்பூசணித் துண்டோடும், இரவில் மக்கரோனி மேல் துருவியும் இரு தரப்பும் சாப்பிடுகிறது. சைப்ரஸ் சமையலைப் புதிதாக அறிய வருகிறவர்கள் பெரும்பாலும் "இது கிரேக்கமா, துருக்கியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதைவிட, இந்தக் கட்டியை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது பயன் தரும். தீவின் பருவம், அக்கம்பக்கத்து உறவு, நோன்பு, பெருநாள் எல்லாமே அந்த வேலைக்குள் இருக்கின்றன.

ஏன் உருகுவதில்லை?

பனீர் தெரிந்தவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும், பனீரும் உருகாது. ஆனால் இரண்டும் உருவாகும் வழி வேறு. பனீருக்குக் கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறோ புளிப்போ சேர்த்துத் திரிய வைக்கிறோம். ஹலூமிக்குப் புளிப்பு சேர்ப்பதே இல்லை. வெதுவெதுப்பான பாலில் ரென்னெட் சேர்த்து உறைய வைக்கிறார்கள். ரென்னெட் என்பது பால்குடி மறவாத கன்று, ஆட்டுக்குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கும் சைவ ரென்னெட்டும் கடைகளில் உண்டு.

பாலில் உள்ள கேசின் என்னும் புரதத்தைக் கால்சியம் ஒரு வலைபோல ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறது. பால் புளிக்கப் புளிக்க அந்தக் கால்சியம் கரைந்து வெளியேறும், பிணைப்பு தளரும். மொசரெல்லா சீஸ் பிஹெச் 5.2 அளவுக்குப் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) புளிக்க விடப்படுவதால்தான் சூட்டில் நூல் நூலாக இழுபடுகிறது. ஹலூமியில் தயிர் உறை போன்ற எதையும் சேர்ப்பதில்லை. அதனால் பிஹெச் 6-ஐ ஒட்டியே நிற்கும், கால்சியம் பெரும்பாலும் உள்ளேயே தங்கும், வலை இறுகியே இருக்கும். பிறகு அழுத்திய பாளங்களைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வேக வைக்கும்போது வலை இன்னும் சுருங்கி நெருங்குகிறது. பல்லில் வரும் சத்தமும் இந்த முறுக்கான வலை பல்லில் உராய்வதால் வருவதுதான். கட்டி பழையதாக ஆக ஆக அந்தச் சத்தம் குறையும்.

செய்முறை

இனி வரும் அளவுகள் 5 லிட்டர் பாலுக்கானவை. பாலைப் பொறுத்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடக்குறையக் கிடைக்கும். ஆட்டுப்பால் கலக்கக் கலக்க மணமும் கூடும். செம்மறிப் பாலில் கொழுப்பும் புரதமும் மிகுதி என்பதால் கட்டியும் கூடுதலாகத் தேறும். ஒரு நிபந்தனை மட்டும் முக்கியம். நீண்ட நாள் கெடாத அட்டைப்பெட்டிப் பால் வேண்டாம். அதை மிக அதிக வெப்பத்தில் காய்ச்சிவிடுவதால் ரென்னெட் சேர்த்தாலும் உறுதியாக உறையாது, கொழகொழவென்றே நிற்கும். சாதாரணமாகப் பதப்படுத்திய பால் போதும். அதற்கு முன்னெச்சரிக்கையாகக் கால் தேக்கரண்டி கால்சியம் குளோரைடு கரைசல் சேர்ப்பது நல்லது.

பாலை 33 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். ரென்னெட்டை அதன் பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவில், 50 மில்லி ஆறின நீரில் கரைத்து ஊற்றுங்கள். அரை நிமிடம் மேலும் கீழுமாகக் கலக்கிவிட்டு, மூடி வையுங்கள். அதன் பிறகு பாத்திரத்தை அசைக்கக்கூடாது. 40 நிமிடம் கழித்துக் கத்தி நுனியைச் சாய்வாகச் செருகி மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். விரிசல் சுத்தமாகப் பிளந்து, பிளவுக்குள் தெளிந்த நீர் ஊறினால் பதம். பால் போல வெள்ளையாகக் கலங்கினால் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்.

உறைந்ததை ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு மிக மெதுவாகக் கிளறிக்கொண்டே, அரைமணி நேரத்தில் 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். இங்கே அவசரப்பட்டால் துண்டுகளின் வெளிப்புறம் மட்டும் இறுகி, உள்ளே நீர் மாட்டிக்கொள்ளும். சரியாக வந்த துண்டைக் கையில் எடுத்து அமுக்கினால் பிசுபிசுக்காமல் ஒன்றோடொன்று ஒட்டும்.

துணி விரித்த அச்சில் அள்ளிப் போட்டு, மூன்று நான்கு கிலோ பாரம் வையுங்கள். கிராமங்களில் இதற்குக் கோரையில் பின்னிய தலாரி என்ற சிறு கூடை இருந்தது. பழைய முறையில் செய்த கட்டியின் மேல் அந்தப் பின்னலின் தடம் பதிந்திருக்கும். அரைமணியில் ஒருமுறை திருப்பிப் போட்டு, மொத்தம் ஒரு மணி நேரம் அழுத்தினால் போதும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குமேல் போகாமல் பாளங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். பின்னால் மடிக்க வேண்டும் என்பதால் தடிமன் முக்கியம்.

வடிந்த தெளிநீரைக் கொட்டிவிடாதீர்கள். இனி நடப்பதெல்லாம் அதில்தான். அடுப்பில் ஏற்றி 70 டிகிரி தாண்டியதும் கால் லிட்டர் பால் சேர்த்து, 85 முதல் 90 டிகிரி வரை கொண்டுபோங்கள். வெண்ணிறப் பஞ்சு போல மேலே திரண்டு மிதக்கும். அதுதான் அனாரி. துருக்கி மொழியில் நோர். துளைக் கரண்டியால் அள்ளித் துணியில் வடியவிட்டால், அன்றைக்கே தேனோ கரூப் பாகோ ஊற்றிச் சாப்பிடலாம். கரூப் பாகு என்பது தீவில் நிறைய விளையும் ஒரு மரத்தின் இனிப்பான காய்களைக் காய்ச்சி எடுப்பது. உப்பிட்டு உலர்த்திய அனாரியைத் துருவிப் பயன்படுத்துவார்கள். ஒரு பால், இரண்டு பாலாடைக்கட்டி. எதையும் வீணாக்காத இந்தச் சிக்கனம் தீவின் சமையல் முழுவதிலும் உண்டு.

அனாரி எடுத்த தெளிநீரை வடிகட்டி, 90 முதல் 95 டிகிரியில் வைத்துப் பாளங்களை இறக்குங்கள். முதலில் அடியில் கிடக்கும். அரைமணி நேரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக மிதந்து மேலே வரும். மிதந்த பிறகும் சில நிமிடம் விடலாம். தளதளவென்று கொதிக்க விட்டால் பாளங்கள் ஒன்றோடொன்று மோதி ஓரம் உடையும்.

அடுத்ததுதான் ஹலூமியை ஹலூமியாக்கும் கணம். வெந்த பாளத்தைப் பலகையில் போட்டுக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறவிடுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பும் உள்ளங்கையில் கசக்கிய காய்ந்த புதினாவும் தூவி, நடுவில் உள்ளங்கை ஓரத்தால் அழுத்தி, புத்தகத்தை மூடுவதுபோல் இரண்டாக மடியுங்கள். சூடாக இருக்கும்போது பாளம் வளையும். முழுக்க ஆறிவிட்டால் மடிப்பில் பிளந்துவிடும். இந்த இடைவெளி ஓரிரண்டு நிமிடம்தான். அதனால்தான் பல பாளங்களை ஒரே நேரத்தில் வெளியே எடுக்காமல் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். புதினா மணத்துக்காக என்பது ஒரு காரணம், கட்டி கெடாமல் இருக்க உதவும் என்பது தலைமுறையாகச் சொல்லி வரும் இன்னொரு காரணம்.

மடித்ததை ஒரு நாள் வைத்துப் புதிதாகவே சாப்பிடலாம். பல மாதம் வைக்க வேண்டுமென்றால், ஆறவைத்த அதே தெளிநீரில் லிட்டருக்கு 100 முதல் 120 கிராம் உப்புக் கரைத்து, கட்டி மூழ்கும்படி ஜாடியில் போட வேண்டும். வெறும் தண்ணீரில் உப்புக் கரைத்தால் கட்டியில் உள்ள கால்சியம் தண்ணீருக்கு இறங்கி, சில நாளில் மேற்பரப்பு வழவழவென்று ஆகிவிடும். குறைந்தது 40 நாள் உப்புநீரில் ஊறியதைத்தான் முதிர்ந்த ஹலூமி என்கிறார்கள். அது இறுகலாக, காரசாரமாக இருக்கும். துருவுவதற்கு அதுவே ஏற்றது.

இவ்வளவு கவனமாகச் செய்தும் வாணலியில் உருகினால், பழைய பால் ஏற்கெனவே புளிக்கத் தொடங்கியிருந்தது என்று பொருள். அல்லது அச்சில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்திருக்கும், தெளிநீரில் போதுமான நேரம் வெந்திருக்காது. ரப்பர் போல இழுத்தால், துண்டுகளை மிகச் சிறிதாக வெட்டியது ஒரு காரணம்.

கடையில் வாங்கி வறுக்கிறவர்களுக்கு

உறையில் உள்ள பால் பட்டியலைப் படியுங்கள். செம்மறி, வெள்ளாட்டுப் பால் முதலில் வந்தால் நல்லது. பசுக்கள் தீனியில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறமியைப் பாலுக்கு அனுப்புகின்றன, ஆடுகள் அதை நிறமில்லாத வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகின்றன. அதனால் ஆட்டுப்பால் கட்டி வெளுப்பாகவும், பசும்பால் கூடியது சற்று மஞ்சளாகவும் இருக்கும்.

ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு வெட்டி, துணியால் ஈரம் ஒற்றி எடுத்து, எண்ணெய் இல்லாத வாணலியில் மிதமான தீயில் போடுங்கள். முதலில் நீர் விடும், அது வற்றிய பிறகே நிறம் ஏறும். நீர் வற்றும் முன் புரட்டினால் ஒட்டிக்கொண்டு பிய்யும். ஒருபுறத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். உப்பு தாங்காதவர்கள் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம். இறக்கியதும் சாப்பிட வேண்டும், ஆறினால் தோல் போல ஆகும்.

பால் பெருகும் காலம், பால் விலக்கும் காலம்

சைப்ரஸில் மழை குளிர்காலத்தில் பெய்யும். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் மேய்ச்சல் நிலம் பச்சையாக இருக்கும், ஆட்டுப்பால் பெருகும். கோடையில் நிலம் காய்ந்து பால் வற்றிவிடும். ஆக, சில மாதப் பாலை ஆண்டு முழுவதற்கும் சேமிக்க வேண்டிய கட்டாயம். உப்புநீர் ஜாடியில் முதிரும் ஹலூமி அதற்குக் கிடைத்த விடை.

ஒரு வீட்டில் இரண்டு மூன்று ஆடு இருந்தால் ஒரு நாள் பாலில் நாலு பாளம்கூடத் தேறாது. அதனால் அண்டை வீட்டுப் பெண்கள் பாலை முறைவைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று எல்லார் வீட்டுப் பாலும் உன் வீட்டுக்கு, நாளை என் வீட்டுக்கு. யார் எத்தனை அளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு உண்டு, திருப்பித் தரும் கடமையும் உண்டு. கிட்டத்தட்ட பாலில் நடத்திய சீட்டு. பெரிய அண்டாவைச் சுற்றி நாலைந்து பேர் சேர்ந்தே வேலை செய்ததால், மடிக்கும் பக்குவத்தை யாரும் உட்காரவைத்துக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

மிஞ்சிய பாலுக்குத் திராஹனாஸ் என்ற இன்னொரு வழியும் உண்டு. பாலைப் பல நாள் புளிக்கவிட்டு, உடைத்த கோதுமையோடு கெட்டியாக வேகவைத்து, விரல் நீளத் துண்டுகளாக்கி வெயிலில் காயவைப்பார்கள். நம் கூழ்வற்றல் பதத்தில் கல்லாக இறுகும். குளிர்காலத்தில் அதை ஊறவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, இறக்கும் நேரத்தில் ஹலூமித் துண்டுகளைப் போடுவார்கள். துருக்கியர் பகுதியில் அதன் பெயர் தர்ஹானா.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் இறைச்சியோடு பால், முட்டையையும் விலக்குவார்கள். அதுவோ பால் பெருகும் காலம். அந்தப் பாலெல்லாம் கட்டியாக மாறிச் சேர்ந்திருக்கும். நோன்பு முடிந்ததும் சாப்பிடுவதற்காக அவற்றைத் துருவி, முட்டை, ரவை, உலர்திராட்சை, புதினா கலந்து, எள் ஒட்டிய மாவில் வைத்து மடித்துச் சுடும் பலகாரம்தான் ஃபிளவூனா. நிரப்புக் கலவை இளகலாக இருந்தால் அடுப்பில் வழிந்துவிடும் என்பதால் முந்தின இரவே பிசைந்து வைத்து ரவையை ஊறவிடுவார்கள். துருக்கி சைப்ரசியர்களிடம் இதே பலகாரம் பிலாவுனா. அவர்கள் ரமலானுக்கும் பெருநாளுக்கும் சுடுகிறார்கள்.

இரண்டு பெயர்கள், ஒரு பதிவு

ஹலூமி என்ற சொல்லின் வேர் கிரேக்கத்திலும் இல்லை, துருக்கியிலும் இல்லை. எகிப்தின் காப்டிக் மொழியிலிருந்து அரபு வழியாக வந்தது என்று மொழியறிஞர்கள் காட்டுகிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில், தீவு வெனிஸின் ஆட்சியில் இருந்தபோது, சைப்ரஸ் வரலாற்றாசிரியர் ஃபுளோரியோ புஸ்த்ரோன் செம்மறி, வெள்ளாட்டுப் பால் கலந்து செய்யும் "கலுமி" பற்றி எழுதியிருக்கிறார்.

1974-க்குப் பிறகு தீவு இரண்டானது. கிரேக்க சைப்ரசியர் தெற்கிலும் துருக்கி சைப்ரசியர் வடக்கிலும் ஒதுங்க, பச்சைக் கோடு என்னும் பிரிவுக்கோடு தீவு முழுக்கக் குறுக்கே நீண்டது. 2003 ஏப்ரலில்தான் மக்கள் அதைக் கடந்து போய்வர வழி திறந்தது. ஏறக்குறைய முப்பதாண்டுப் பிரிவிலும் சமையலறைச் சொற்கள் பிரியவில்லை. வாட்டிய ரொட்டிக்குக் கிரேக்கப் பேச்சில் கபீரா, துருக்கிப் பேச்சில் கபிரா. கோழிச்சாற்றில் வேகவைத்து ஹெல்லிம் துருவிப் போடும் மக்கரோனியைத் துருக்கி சைப்ரசியர் "மகரினா புல்லி" என்கிறார்கள். புல்லி என்பது அவர்களின் கிரேக்க அண்டை வீட்டாரிடமிருந்து வந்த சொல். துருக்கி நாட்டிலிருந்து வருகிறவருக்கு இந்தச் சொல் புரியாது. அடையாளம் என்று பெரிதாகப் பேசப்படுவது அன்றாடத்தில் இப்படித்தான் இருக்கிறது.

2014-இல் சைப்ரஸ் அரசு ஐரோப்பிய ஒன்றியத்திடம் புவிசார் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. வடக்கில் செய்கிறவர்களின் பங்கு என்ன, அங்கே யார் சோதிப்பது என்பதில் இழுபறி நடந்து, 2021 ஏப்ரலில் ஹலூமி, ஹெல்லிம் என்ற இரு பெயர்களும் ஒரே பதிவில் ஏறின. அதன்படி, இந்தத் தீவில் செய்ததற்கு மட்டுமே ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயர் உண்டு. ரென்னெட் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது என்ற விதியும் அதில் இருக்கிறது. இரு சமயத்தாரும் ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிடும் பண்டம் என்பதை மனதில் வைத்துப் படித்தால் அந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும். ஆட்டுப்பால் பங்கு பசும்பாலைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஏற்றுமதி பெருகிய வேகத்துக்கு ஆடுகள் பெருகவில்லை, ஆகவே இதற்கான காலக்கெடு தள்ளிப்போயிருக்கிறது. பால் கலப்பு மாறினால் சுவையும் மாறும். பழைய ருசியை விரும்புகிறவர்கள் இந்த விதிக்காகப் பிடிவாதம் பிடிப்பது நியாயம்தான்.

சேப்பங்கிழங்கு வெட்டப்படுவதில்லை

ஹலூமிக்கு அடுத்து எதைச் சமைத்துப் பார்ப்பது என்றால், கொலொகாசி. நம் சேப்பங்கிழங்கின் பெரிய உறவு. தீவின் தென்கிழக்கில் உள்ள சோதிரா ஊர்க் கிழங்குக்குத் தனிப் பெயர். பருப்பும் கீரையும் மலிந்த சைப்ரஸ் உணவில் குளிர்காலத்துக்கு இதுதான் கனமான சாப்பாடு.

தோலைச் சீவும் முன்பே கழுவித் துடைத்துவிட வேண்டும். சீவிய பிறகு தண்ணீர் பட்டால் குழம்பு முழுக்க ஜவ்வாகும். கத்தியால் ஊடே வெட்டவும் மாட்டார்கள். கத்தியின் அலகைக் கிழங்கில் இரண்டு விரல் ஆழம் இறக்கி, மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பினால் துண்டு "டக்" என்று உடைந்து வரும். வழவழ வெட்டுமுகம் ஜவ்வை விடும், சொரசொரப்பாக உடைந்த முகம் சாற்றைப் பிடித்துக் கெட்டியாக்கும் என்பது அங்கே எல்லா வீட்டிலும் சொல்லும் காரணம். உடைத்த துண்டுகளை எண்ணெயில் சிவக்க வறுத்து, தனியே வதக்கிய இறைச்சி, வெங்காயம், செலரித் தண்டு, தக்காளி விழுதோடு சேர்த்து, மூழ்கும் அளவு நீர்விட்டு மூடி, சிறு தீயில் முக்கால் மணிக்குக் குறையாமல் வேகவைப்பார்கள். அரைவேக்காடாக இறக்கினால் தொண்டை நமைக்கும். கரண்டி போட்டால் கரைந்துவிடும் என்பதால் பாத்திரத்தின் காதைப் பிடித்துக் குலுக்குவது மட்டும்தான். இறக்கும் முன் ஒரு முழு எலுமிச்சையின் சாறு. கிரேக்க வீட்டில் இறைச்சி பெரும்பாலும் பன்றி, துருக்கி வீட்டில் ஆடோ கோழியோ. கிழங்கை உடைக்கும் அந்தத் திருப்பு இரண்டு வீட்டிலும் ஒன்றே.